வறுமையில் உரிமை மீறல் எங்கே இருக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "வறுமை ஒரு பொருளாதாரப் பிரச்சினை. வேலையின்மை, விலைவாசி, பொய்த்த மழை என்று நூறு காரணம் இருக்கும். அதைப் போய் மனித உரிமை மீறல் என்று சொன்னால், மீறியது யார்? யார் மேல் கேஸ் போடுவது? மேடையில் பேச நன்றாக இருக்கும், நடைமுறையில் இதனால் ஏதாவது ஆகுமா?"

நியாயமான சந்தேகம்தான். லாக்கப்பில் ஒருவரை அடித்தால் அடித்தது யார் என்று கை காட்டலாம். பட்டினிக்கு யாரைக் காட்டுவது? வறுமை எங்கிருந்தோ வந்து விழுந்தது, யாரும் செய்ததல்ல என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு உத்தரவு இருக்கும், ஒரு கையெழுத்து இருக்கும், அல்லது போட வேண்டிய கையெழுத்தைப் போடாமல் விட்ட ஒரு அலுவலகம் இருக்கும். ஐ.நா. பிரகடனங்களுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு ரூபாய்க் கதை.

1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்காக மேம்பாலம், ஸ்டேடியம், ஓட்டல் என்று கட்டிக் குவித்தார்கள். வேலைக்கு வந்தவர்கள் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா பக்கத்து ஏழைகள். குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர் அதை ஜமேதாரிடம் (ஆள் கூட்டி வரும் தரகர்) கொடுப்பார், ஜமேதார் ஆளுக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசைக் கையில் வைப்பார். இதை ஆராய்ந்த மூன்று சமூக அறிவியலாளர்களின் அறிக்கையை வைத்து, ஒரு ஜனநாயக உரிமை அமைப்பு உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்குக் கடிதம் எழுதியது. கடிதமே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அந்தத் தீர்ப்பில் ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடு என்று மட்டும் சொல்லியிருந்தால் அது ஒரு சாதாரணக் கூலி வழக்காகப் போயிருக்கும். பகவதி அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவை எடுத்தார். கட்டாய உழைப்பைத் தடை செய்கிற பிரிவு அது. யாரும் அவர்களைச் சங்கிலி போட்டு இழுத்து வரவில்லையே, தாங்களாகத்தானே வந்தார்கள் என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில்: பசியும் வறுமையும் ஒருவனுக்கு வேறு வழியே இல்லாமல் செய்துவிடும்போது அதுவும் பலவந்தம்தான், அந்த நிலையில் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு. 'முதலாளி ஒப்பந்தக்காரர்தான், எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்' என்று அரசு நகர்ந்துகொள்ளவும் விடவில்லை. 23-ஆம் பிரிவைத் தனியார் மீறினாலும் தடுக்க வேண்டியது அரசின் கடமை என்றார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் கிட்டத்தட்ட இதிலேயே இருக்கிறது. உரிமை என்று சொல்லும்போது மாறுவது ஒன்றுதான்: யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது. திட்டம், நலத்திட்டம், உதவி என்றால் ஏழைதான் வரிசையில் நின்று, 'நான் தகுதியானவன்தான் சார்' என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். உரிமை என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஏன் கொடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று. திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம் மாவட்டங்களில் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டுகிற வேலை என்று கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் இருளர் பழங்குடியினர் ஏராளம். ஏன் இருளர்கள்? சோம்பேறிகள், படிக்கவில்லை, குடிக்கிறார்கள் என்றெல்லாம் ஊரில் பதில் வைத்திருப்பார்கள். உண்மையில், காட்டிலும் வயல் வரப்பிலும் பாம்பு, எலி, முயல் பிடித்துப் பிழைத்த சமூகம் அது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் பாம்புத்தோல் வியாபாரமும் நின்றது. சட்டம் வந்ததில் தப்பில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் பிழைப்பைக் கையெழுத்துப் போட்டு நிறுத்தும்போது மாற்றாக என்ன என்று யாரும் யோசிக்கவில்லை. 1978-ல் வடநெம்மேலியில் விஷம் எடுப்பதற்காகத் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒரு சில நூறு குடும்பங்களைத்தான் தாங்க முடிந்தது. மற்றவர்களுக்கு நிலம் இல்லை, குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் பழங்குடிகளுக்கான எந்தத் திட்டமும் கிடைக்காது, அதைக் கொடுக்க வேண்டிய கோட்டாட்சியர் அலுவலகமோ 'அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா' என்று கேட்கும். அப்பாவுக்கு எங்கே இருக்கும்?

இந்த நிலையில் ஒரு பிரசவமோ, ஒரு சாவோ, ஒரு கல்யாணமோ வந்தால் பணம் தரத் தயாராக இருக்கிற ஒரே ஆள், சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி. முன்பணம் வாங்கியதும் குடும்பத்தோடு சூளைக்குப் போக வேண்டும். பொங்கல் வாக்கில் ஆரம்பித்து மழைக்காலம் வரை வேலை. மண் பிசைந்து, கல் அறுத்து, காயவைத்து அடுக்குவது வரை ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கும். கோடை மழை பெய்து கரைந்துபோன கல் கணக்கில் வராது. வாரம் ஒருமுறை செலவுக்குக் கொஞ்சம் காசு கொடுப்பார்கள், அதுவும் நோட்டில் ஏறும். சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால் வாங்கிய பணம் அடையாதது மட்டுமல்ல, சில சமயம் கூடியிருக்கும். அடுத்த வருஷமும் இங்கேதான் வர வேண்டும். நான் பார்த்த வரையில் 'உங்கள் கணக்கு எவ்வளவு நிற்கிறது' என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் முதலாளி கடைசியாகச் சொன்ன தொகையைத்தான் திருப்பிச் சொல்வார்கள். அந்த நோட்டைத் தானே பிரித்துப் பார்த்தவர் அபூர்வம்.

இப்போது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைப் பாருங்கள். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976-ல் சட்டமானது. (நெருக்கடி நிலை காலத்தில், பேச்சுரிமை எழுத்துரிமை எல்லாவற்றையும் பறித்துவைத்திருந்த அதே அரசு கொண்டுவந்தது என்பது ஒரு வேடிக்கை.) அதன்படி, முன்பணம் வாங்கியதால் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரமோ, வெளியே நடமாடும் சுதந்திரமோ, சந்தை விலைக்கு உழைப்பை விற்கும் உரிமையோ போனால் அது கொத்தடிமைத்தனம், எல்லாமே போயிருக்க வேண்டியதில்லை, ஒன்று போயிருந்தாலே போதும். கடன் அந்த நிமிடமே ரத்து. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 15-ஆம் பிரிவு. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். நோட்டு யாரிடம் இருக்கிறதோ அவர் தலையில்தான் நிரூபிக்கிற பாரத்தையும் சட்டம் வைத்திருக்கிறது. மேலே சொன்னேனே, பதில் சொல்ல வேண்டிய ஆள் மாறுகிறார் என்று, அதை இவ்வளவு நேராக எழுதிய சட்டம் நம் நாட்டில் அதிகம் இல்லை.

எழுதியது ஒன்று, நடப்பது ஒன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகம், 2030-க்குள் 1 கோடியே 84 லட்சம் கொத்தடிமைகளை மீட்டு மறுவாழ்வு கொடுப்போம் என்று இலக்கு வைத்தது. 1978 முதல் மீட்டதாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு 3 லட்சத்துக்குச் சற்று மேலே. மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் முழுத்தொகை வர முதலாளிக்குத் தண்டனை கிடைத்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். உடனடி உதவி என்று 30,000 ரூபாய் வரை கிடைக்கும், அதை வைத்து எத்தனை மாதம் ஓட்டுவது? மீட்கப்பட்ட குடும்பம் வேறு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வேறு சூளைக்குப் போவது இதனால்தான். இதைப் பார்த்துவிட்டு 'அவங்களுக்கே அங்கதான் பிடிச்சிருக்கு' என்று சொல்கிற அதிகாரிகள் உண்டு. ஆசிய விளையாட்டு வழக்கில் 'தாங்களாகத்தானே வந்தார்கள்' என்ற அதே வாதம்.

சரி, கூலியை விடுங்கள், சோற்றுக்கு வருவோம். 2001-ல் ராஜஸ்தானில் கடும் வறட்சி. அரசுக் கிடங்குகளில் கோடிக்கணக்கான டன் தானியம் கிடக்கிறது, வைக்க இடமில்லாமல் வெளியில் தார்ப்பாய் போட்டு மூடி, அதில் கொஞ்சம் கெட்டும் போகிறது, பக்கத்துக் கிராமங்களில் சனங்கள் பட்டினி. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு நவம்பர் 28-ல் வந்த இடைக்கால உத்தரவு ரேஷன், அங்கன்வாடி, மதிய உணவு, முதியோர் உதவித்தொகை உட்பட எட்டுத் திட்டங்களைச் சட்டப்படியான உரிமையாக்கியது. அதுவரை பல மாநிலங்கள் மதிய உணவு என்ற பெயரில் மாதம் 3 கிலோ தானியத்தைப் பையில் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தன. நீதிமன்றம், சமைத்த சாப்பாடு வேண்டும், ஒரு பிள்ளைக்குக் குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், வருஷத்துக்கு 200 நாளாவது என்று எழுதியது. காமராசர் காலத்திலிருந்தே மதிய உணவைப் பார்த்த நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் கொடுப்பவருக்கு மனமிருந்தால் கொடுப்பது என்பது போய், கொடுக்காவிட்டால் தலைமைச் செயலாளர் பதில் சொல்ல வேண்டும் என்று ஆனது அப்போதுதான். 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் இதுதான் அடி.

இதே வழக்கில் 2004-ல் இன்னொரு உத்தரவு வந்தது, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சமையல் வேலைக்கு ஆள் எடுக்கும்போது தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுங்கள் என்றது நீதிமன்றம். ஏன் என்று கேட்டால், 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லலாம். அவிநாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அருந்ததியர் சமூகத்துப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார். சாதி இந்துப் பெற்றோர் கூடிக் கத்தினார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? கத்தியவர்களை ஒன்றும் செய்யாமல் முதலில் சமையல்காரரை இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகுதான் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். வறுமையைக் கையில் காசில்லாத நிலை என்று மட்டும் பார்த்தால் இந்தச் சம்பவம் அதில் எங்குமே வராது. அவருக்கு வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, உத்தரவு இருந்தது. உட்கார்ந்து வேலை செய்ய விடாத ஒரு ஊரும் இருந்தது.

உரிமையாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதார் இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டு மாதக்கணக்கில் அரிசி கிடைக்கவில்லை. மதிய உணவாவது கிடைத்திருக்கும், துர்கா பூஜை விடுமுறையில் பள்ளி மூடிக்கிடந்தது. சோறு கேட்டுக்கொண்டே போனாள் என்றார் தாய். மலேரியா என்றது அரசு. உணவுச் சட்டம் வந்து நாலு வருஷம் ஆன பிறகு நடந்தது இது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது: 'அட்டையை யார் நீக்கியது, எந்த விதியின்படி, நோட்டீஸ் கொடுத்தீர்களா' என்று கேட்க முடிந்தது. பஞ்ச காலத்துச் சாவுகளில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை, கேட்டாலும் பதில் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை.

உலக அளவில் இது எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948 உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆம் பிரிவிலேயே உணவு, உடை, வீடு, மருத்துவம் எல்லாம் இருக்கிறது. 1966 பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கை அதைச் சட்டமாக்கியது. இந்தியா 1979-ல் சேர்ந்தது, அமெரிக்கா 1977-ல் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்றுவரை உறுதி செய்யவில்லை. 1987 அக்டோபர் 17 அன்று ஜோசப் வ்ரெசின்ஸ்கி என்ற பாதிரியார் பாரிஸில் ஒரு கல் பதித்தார். மனிதர்கள் கொடும் வறுமையில் வாழ விதிக்கப்படும் இடங்களில் மனித உரிமைகள் மீறப்படுகின்றன என்று அதில் எழுதியிருக்கும். அவரே கஞ்சிக்கு வழியில்லாத வீட்டில் வளர்ந்தவர், அதனால்தான் வறுமையைத் 'தீர்க்க வேண்டிய பிரச்சினை' என்று மட்டும் பேசாமல் அவமானம் என்றும் பேசினார் என்பது என் எண்ணம். அந்த அக்டோபர் 17-தான் இன்று வறுமை ஒழிப்பு நாள். 2012-ல் ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை ஏற்றது.

'காசில்லாத நாடு என்ன செய்யும்' என்று அடுத்து கேட்பீர்கள். உடன்படிக்கையும் ஒரே நாளில் எல்லாம் செய் என்று சொல்லவில்லை, இருக்கிற வளத்தை வைத்துப் படிப்படியாகச் செய் என்கிறது. ஆனால் அதைச் சாக்காக வைத்து ஒன்றுமே செய்யாமல் இருக்கக் கூடாது, பசிக்கும் குடும்பத்துக்குச் சோறு என்பது போன்ற அடிப்படைகளை முதலில் செய்தாக வேண்டும் என்று 1990-லேயே ஐ.நா. குழு விளக்கிவிட்டது. அதோடு, கொத்தடிமையை விடுவிக்கப் பெரிய பட்ஜெட் எதற்கு? சாதிச் சான்றிதழ் கொடுக்க எவ்வளவு செலவாகும்?

நீதிமன்றம் போனால் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 1981-ல் பம்பாய் நடைபாதைவாசிகளை மகாராஷ்டிர அரசு துரத்தக் கிளம்பியபோது போடப்பட்ட வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985-ல் ஐந்து நீதிபதிகள் அழகாக எழுதினார்கள். சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அதே தீர்ப்பு, மழைக்காலம் முடியட்டும், அக்டோபர் 31-க்கு அப்புறம் அப்புறப்படுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னது. தென்னாப்பிரிக்காவில் ஐரீன் குரூட்பூம் என்ற பெண் தன்னைப் போல் வீடிழந்த சுமார் 900 பேரோடு ஒரு விளையாட்டு மைதானத்தில் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே கிடந்து, 2000-ல் வீட்டுரிமை வழக்கில் ஜெயித்தார். உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு. 2008-ல் அவர் இறந்தபோதும் தகரக் கொட்டகையில்தான் இருந்தார்.

எண்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 2011 செப்டம்பரில் அப்போதிருந்த மத்திய திட்டக் குழு, நான் மேலே சொன்ன அதே உணவு வழக்கில், நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவழிப்பவர் ஏழை அல்ல என்ற பொருளில் பிரமாணப் பத்திரம் போட்டு நாடே சிரித்தது. வறுமைக் கோட்டைக் கீழே இறக்கினால் வறுமை குறைந்த மாதிரித் தெரியும், செலவில்லாத வழி. உலக வங்கியின் வறுமைக் கோடு 2025-ல் நாளுக்கு 3 டாலர் ஆனது. அதுவும் வாங்கும் சக்தியை வைத்துக் கணக்கிடும் டாலர், பேங்க் ரேட்டில் பெருக்கி 250 ரூபாய் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கோட்டுக்கு மேலே ஒருவர் வந்துவிட்டாலும் அவர் சூளையை விட்டு வெளியே போக முடிகிறதா என்பதை அது சொல்லாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, ஏழையாக இருப்பதற்கே தண்டனை. தமிழ்நாட்டில் 1945-லிருந்தே பிச்சையெடுப்பதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. டெல்லியில் அமலில் இருந்த பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை 2018-ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பணக்கார நாடும் விலக்கில்லை. ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இருக்கும் அதே ஊரில், ரோமா என்ற ஐரோப்பியச் சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு இளம்பெண் பிச்சையெடுத்ததற்காக 500 பிராங்க் அபராதம் போட்டார்கள். அவரிடம் ஏது 500 பிராங்க்? கட்டவில்லை என்று ஐந்து நாள் உள்ளே வைத்தார்கள். 2021 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சுவிட்சர்லாந்து செய்தது தவறு என்று தீர்ப்பளித்தது.

'யார் மேல் கேஸ் போடுவது' என்று கேட்டீர்களே, உங்கள் பக்கத்திலேயே சூளையோ ஆலையோ இருந்து, முன்பணம் வாங்கியதால் வெளியே விடாமல் ஒரு குடும்பத்தை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், கலெக்டருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுத்தில் கொடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். முன்பணம் யார் கொடுத்தது, எவ்வளவு, எந்த வருஷம், எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, எங்கெல்லாம் போக விடுவதில்லை, இவ்வளவு இருந்தால் போதும். ஆதாரம் எங்கே என்று கேட்டால் 15-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். மீட்டு அழைத்து வந்த அன்றே விடுதலைச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும், பேருந்து ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு அப்புறம் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காகிதம் இல்லையென்றால் கடன் ரத்தானதற்குக் கையில் அத்தாட்சி இருக்காது, மறுவாழ்வுப் பணத்துக்கு விண்ணப்பிப்பதும் பெரும்பாடாகிவிடும், மேஸ்திரி மறுவாரமே வீட்டு வாசலில் வந்து நிற்பார்.